அட்டையில் இல்லாதது

இல்ல சார், சட்டியக் கழுவக் கூடாதுன்னு எங்கிட்ட யாருமே சொல்லல. ஜனங்க சாப்பிட்டு முடிச்சா கழுவிக் கவுத்து வெக்கறதுதான் என் வேலை. ஏழு வருஷமா இந்த ஹால்ல அதத்தான் பண்றேன். அன்னிக்கும் பண்ணேன். ஆம்புலன்ஸ் கிளம்பிப் போச்சு, எல்லாரும் வாசல்லயே நின்னு கசகசன்னு பேசிட்டு இருந்தாங்க, நான் உள்ள வந்து குழாயத் திறந்துட்டேன். கை சும்மா இருக்காது சார் எனக்கு.

உக்காருங்க. ஐயோ, அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நானும் உக்காந்துக்கறேனே, தப்பா நினைச்சுக்காதீங்க. மூணு நாளா பொட்டுத் தூக்கமில்ல. முட்டி ரெண்டும் எனக்கும் உனக்கும் சம்பந்தமில்லங்குது. டீ போடட்டுமா? டூட்டியில குடிக்க மாட்டீங்களா. சரி சரி. இந்தச் சமையக்கட்டுல எதையும் வாயில வெக்க இப்ப எல்லாருக்கும் பயமாத்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில மாஸ்டரப் பார்த்துட்டுதான வர்றீங்க? எழுந்து உக்காந்துட்டாரா? பேசறாரா? அப்பாடா. வயித்துல பால வார்த்தீங்க. மொத நாள் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா, கண்ணு ரெண்டும் காணாமப் போயிடுச்சு, உதடு இந்தத் தண்டிக்கு வீங்கிக் கிடந்துச்சு. முதல் மாடியில தனியா இருக்கற மனுஷன். சாயங்காலமானா பசங்களுக்குக் கணக்கு ட்யூஷன். அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டார். அவருக்குப் போய் இப்படி.

சரி, ஒண்ணு மட்டும் முதல்ல சொல்லிடுங்க சார். அந்தப் பொண்ணு மேலதான் எழுதப் போறீங்களா? மூணாவது மாடிப் பொண்ணு, கஞ்சி வெச்சவ. விசாரிக்காம சொல்ல முடியாதா. நீங்க சொல்லாட்டி என்ன, குடியிருப்புச் சங்கத்துல முடிவே பண்ணிட்டாங்க. நாளைக்குக் காலையில கூட்டம். அவள இனிமே இந்த அடுப்புப் பக்கமே விடக் கூடாதுன்னு தீர்மானம் போடறாங்களாம். செக்ரட்டரி வந்து நோட்டீஸ என் கையில குடுத்து, நீங்களே ஒட்டிடுங்கன்னு சொல்லிட்டுப் போனார். ஒட்டுனேன். என்ன பண்றது, வேலை அவங்க குடுத்தது, பின்னாடி நான் படுக்கற ரூமும் அவங்க குடுத்தது. அதோட போச்சா? கடைத்தெரு முனையில சாப்பாட்டு வண்டி போடறதுக்கு உங்க உணவுப் பாதுகாப்பு ஆபீஸுக்குத்தான் மனு போட்டிருக்கா அவ. தெரியுமா உங்களுக்கு? உங்க மேசையிலயேதான் இருக்கா! கடவுளே. அப்ப இந்தத் தாள்ல அவ பேரு ஏறுச்சுன்னா அந்தத் தாளு குப்பைக்குத்தான். அப்படித்தான? நீங்க வாயத் திறக்க வேணாம், மூஞ்சியே சொல்லுதே.

எல்லாம் முதல்லருந்து சொல்லணுமா? சொல்றேன், எழுதிக்கோங்க. ஆனா எனக்குச் சுருக்கமா சொல்லத் தெரியாது.

இந்த வீடுங்கள்ல பாத்தீங்கன்னா, அஞ்சு மாடியிலயும் ஒவ்வொரு நாட்டு ஆளு. வேலைக்கு வந்தவங்க, கட்டிக்கிட்டு வந்தவங்க, பிள்ளைங்க கூட்டிட்டு வந்து விட்டவங்க. முன்னெல்லாம் ஒருத்தர் வீட்டுச் சமையல் வாசனை ஒருத்தருக்கு ஆகாது. அந்த வீட்டுல மீன் சாஸ் பாட்டில் உடைஞ்சு படிக்கட்டுல ஓடிடுச்சுன்னு இந்த வீட்டுக்காரம்மா நாலு நாள் மூக்கப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. நாம தாளிச்சா எதிர் வீட்டுக்காரர் இருமிக்கிட்டே கதவச் சாத்துவார். புகார் எல்லாம் எங்க வரும்? எங்கிட்டதான் வரும். ஹாலுக்குச் சாவி வெச்சிருக்கறவ மூக்குக்கும் சாவி வெச்சிருப்பான்னு நினைச்சாங்களோ என்னவோ.

அப்புறம் ஒரு தடவ காஸ் லைன் ரிப்பேர் ஆச்சு. மூணு வாரம். எந்த வீட்டுலயும் அடுப்பு எரியாது. இந்த ஹால்ல மட்டும்தான் சிலிண்டர், நாலு அடுப்பு. அஞ்சு மாடி ஜனமும் இங்க வந்துதான் சமைக்கணும். முதல் வாரம் ஒரே சண்டை. ரெண்டாவது வாரம் ஒருத்தர் சட்டிய ஒருத்தர் எட்டிப் பாத்தாங்க. மூணாவது வாரம், அது என்ன, கொஞ்சம் குடுங்களேன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. காஸ் சரியானப்புறமும் யாருக்கும் விட மனசில்ல. சரி, சனிக்கிழமை மத்தியானம் மட்டும் எல்லாரும் இங்க ஒண்ணா சமைப்போம், அவங்க அவங்க ஊரு சாப்பாட்டக் கத்துக் குடுப்போம்னு வந்துச்சு. அப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. பேப்பர்ல கூட போட்டோ வந்துச்சு. எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிப்பாங்க. நான் இல்ல, நான் அப்ப பாத்திரம் கழுவிட்டு இருந்தேன்.

நூடுல்ஸ்காரர்னு ஒருத்தர் இருக்கார், டாக்ஸி ஓட்டி ரிட்டையர் ஆனவர். மாவ எடுத்து மேசையில அடிப்பார் பாருங்க, மொத நாள் நான் யாரோ யாரையோ அடிக்கறாங்கன்னு ஓடி வந்தேன். இழுக்கறார், மடிக்கறார், இழுக்கறார், நூலு மாதிரி வருது. எங்களையும் பண்ணச் சொன்னார். எங்களுக்கு வந்ததெல்லாம் கயிறு. அப்புறம் முட்டைக்கோஸம்மா. கோஸ உப்பும் மிளகாயும் போட்டு ஜாடியில அடைச்சு வெப்பாங்க, கிம்ச்சி. அந்த ஜாடி ஏப்பம் விடும் சார். நிஜமாத்தான். மூடியத் திறந்தா புஸ்ஸுன்னு. அது உயிரோட இருக்கு, நாம பேசிக்கிட்டே இருக்கணும்னு அந்தம்மா சொல்வாங்க. எனக்கு மனுஷங்க கூடப் பேசவே நேரமில்ல, இதுல கோஸ் கூட வேற பேசணும்.

சட்டி முன்னாடி வெக்கற அட்டை விஷயத்துக்கு வர்றேன். வர்றேன் சார்.

முதல் வருஷத்துலயே ஒரு தடவ மாஸ்டருக்கு உதடு தடிச்சுப் போச்சு. யாரோ குச்சியில கறி குத்தி சுட்டு, மேல ஒரு கொழம்பு ஊத்தியிருந்தாங்க, அது வேர்க்கடலைக் கொழம்பு. அவருக்குக் கடலை ஆகாது, சின்ன வயசுலருந்தே. அன்னிக்கு ஒரு வாயோட துப்பிட்டார், தப்பிச்சார். அப்பத்தான் நான் சொன்னேன், இனிமே அட்டை இல்லாம ஒரு சட்டியும் மேசைக்கு வரக் கூடாதுன்னு. ஆமா சார், நான்தான். சங்கம் இல்ல, செக்ரட்டரி இல்ல, நான். உள்ள என்னென்ன போட்டீங்களோ அதெல்லாம் ஒரு அட்டையில எழுதி சட்டி முன்னாடி நிறுத்தணும். எழுதத் தெரியாதவங்களுக்கு நானே எழுதிக் குடுப்பேன். நூடுல்ஸ்காரர் ஒரு தடவ முட்டைய எழுதாம விட்டுட்டார்னு ஆவி பறக்கற சட்டியோட திருப்பி அனுப்பிட்டேன். மனுஷன் ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. எனக்குப் பின்னாடி அட்டை அதிகாரின்னு பேரு வெச்சிருக்காங்க. வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். பெருமையாக் கூட இருந்துச்சுன்னு வெச்சுக்கோங்களேன்.

மாஸ்டர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு அட்டையா படிச்சுட்டுத்தான் தட்ட நீட்டுவார். அவருக்கு ஒரு ஊசி உண்டு, எப்பவும் சட்டைப் பையில வெச்சிருப்பார், மூச்சு முட்டுனா தொடையில குத்திக்கறது. சனிக்கிழமை மட்டும் அத எடுத்துட்டு வர மாட்டார். உங்க அட்டை இருக்கும்போது ஊசி எதுக்கும்மான்னு கேப்பார்.

ஒரு நிமிஷம் சார். ஒண்ணுமில்ல, கண்ணுல ஏதோ. தூக்கமில்லாததுதான்.

அந்தப் பொண்ணா? வந்து ஒரு எட்டு மாசம் இருக்கும். தையல் கம்பெனியில வேலை, புருஷன் கப்பல்ல, வந்தா வருவான் வராட்டி இல்ல. நம்ம பேச்சு அவளுக்கு அரைகுறைதான். எது கேட்டாலும் முதல்ல தலைய ஆட்டிடுவா, அப்புறம் யோசிப்பா. சனிக்கிழமை தவறாம வந்து நிப்பா. சமைக்க வர மாட்டா. வெங்காயம் உரிப்பா, எங்கூட நின்னு பாத்திரம் தேய்ப்பா. ஏம்மா, நீ ஒண்ணும் பண்ணலையான்னா சிரிச்சுட்டுத் தலைய ஆட்டுவா. எனக்கு இந்த ஹால்ல பாத்திரம் தேய்க்கத் துணை நின்ன ஒரே ஆளு அவதான் சார். மத்தவங்க எல்லாம், அக்கா இதையும் போட்டுடறேன்னு தொட்டியில போட்டுட்டுப் போயிடுவாங்க.

நான்தான் அவளக் கிளப்பி விட்டேன். வண்டி போடற ஆசைய அவ எங்கிட்டதான் முதல்ல சொன்னா, பாதி வார்த்தையில, பாதி கையில. அப்ப நான் சொன்னேன், வண்டி போடறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவ வெச்சுக் காட்டு, நாலு பேரு நல்லா இருக்குன்னா உனக்கே தைரியம் வரும்னு. ரெண்டு மாசம் யோசிச்சா. அப்புறம்தான் போன சனிக்கிழமை.

காலையில அஞ்சு மணிக்கே வந்து கதவத் தட்டுறா. அரிசிய எண்ணெயில பிசறி ஊற வெச்சிருந்தா. சின்னத் தீயில வெச்சு நாலு மணி நேரம் கிண்டுனா சார், நான் எண்ணிட்டே இருந்தேன். அடுப்ப விட்டு நகரல. இஞ்சிய முடி மாதிரி நறுக்குனா. காளான், வெங்காயத்தாளு, கடைசியில ரெண்டு சொட்டு எள்ளெண்ணெய். கஞ்சி. அவ்வளவுதான். வெள்ளையா, கொழகொழன்னு. இது எடுபடுமான்னு எனக்குச் சந்தேகம். ஏன்னா நம்ம ஆளுங்களுக்குக் கஞ்சின்னா என்ன? காய்ச்சல்காரன் சாப்பாடு. அங்க பக்கத்து அடுப்புல நூடுல்ஸ்காரர் எண்ணெயில மிளகாயப் பொரிக்கறார், முட்டைக்கோஸம்மா செக்கச்செவேல்னு அடை சுடறாங்க. நடுவுல இது. சப்புன்னு.

அட்டைய அவளே எழுதுனா. எழுத்த எங்கிட்ட கேட்டுக் கேட்டு, படம் வரையற மாதிரி. அரிசி, இஞ்சி, காளான், எல்லாம். கடைசியில கடலை இல்லைன்னு எழுதி அடியில ரெண்டு கோடு போட்டா. மாஸ்டர் விஷயம் அவளுக்குத் தெரியும். உங்க பையில இருக்கே, அந்தப் பிளாஸ்டிக் பையில, அதே அட்டைதான்.

ஜனங்க வந்தாங்க. வரிசையா சட்டிங்கள பாத்துட்டே போறாங்க, இவ சட்டிகிட்ட வந்ததும் ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுத் தாண்டிடறாங்க. யாருக்கோ உடம்பு சரியில்ல போலன்னு ஒருத்தர் சொன்னார், நாலு பேர் சிரிச்சாங்க. கெட்ட எண்ணமில்ல, வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். அவளுக்குப் புரிஞ்சுதோ இல்லையோ, அவளும் கூடச் சிரிச்சா. கரண்டியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கறா. கால் மணி நேரம் ஆச்சு. சட்டி தளும்பத் தளும்ப இருக்கு. அந்தச் சிரிப்பு மட்டும் மூஞ்சியில அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு சார். நான் பாத்திரத் தொட்டிகிட்டருந்து பாத்துட்டே இருந்தேன். சொந்தப் பொண்ணப் பொண்ணு பாக்க வந்தவங்க காபியத் தொடாம எழுந்து போன மாதிரி இருந்துச்சு.

அப்புறம் அவளுக்கு என்ன தோணுச்சோ, பேப்பர் தட்டுல கஞ்சி ஊத்துனா நல்லா இருக்காது, அதான் எடுக்க மாட்டேங்கறாங்கன்னு நினைச்சிருப்பா, எங்கிட்ட கையால கிண்ணம்னு காட்டிட்டு மாடிக்கு ஓடுனா. அவ வீட்டுப் பீங்கான் கிண்ணம். இறங்கி வர்றதுக்குள்ள இங்க வரிசை நிக்குது. நூடுல்ஸ்காரர் முதல்ல ஒரு வாய் வெச்சுட்டு, அடேன்னார். அவர் ரெண்டாவது தடவ வாங்குனதும் எல்லாரும் வந்துட்டாங்க.

திடீர்னு எப்படி வந்தாங்கன்னா? வாசனைக்கு வந்திருப்பாங்க. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வர்றதுதான ஜனம். இடையிலயா? இடையில என்ன, ஒண்ணுமில்ல. அவ மாடிக்குப் போனா, வந்தா.

வந்து நின்னா. கையில கிண்ணம் அடுக்கி இருக்கு. சட்டியப் பாத்தா, வரிசையப் பாத்தா. அப்புறம் எடுத்து ஊத்த ஆரம்பிச்சா. எட்டு மாசத்துல அவ பல்லு தெரிய சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். மாஸ்டர் வந்தார். கண்ணாடியப் போட்டார். அட்டையப் படிச்சார். கடலை இல்லைன்னு அடிக்கோடு போட்டிருக்கா பாருங்கன்னு பக்கத்துல இருந்தவர்கிட்ட காட்டி சந்தோஷப்பட்டார் சார். கிண்ணத்த நீட்டுனார். ரெண்டு கரண்டி.

நான் பாக்கல. நான் அப்ப திரும்பி நின்னு தேய்ச்சுட்டு இருந்தேன். நாற்காலி விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன். கழுத்தச் சொறியறார், மூச்சு விசில் அடிக்குது, என்னையே பாக்கறார். ஏன் என்னையப் பாத்தார்னு தெரியல. எல்லாரும் கத்தறாங்க, ஊசி எங்க ஊசி எங்கன்னு ஒருத்தர் அவர் பைய தடவறார். ஊசி அவர் வீட்டுல. கதவப் பூட்டிட்டு வந்திருக்கார்.

அதுக்கப்புறம் அவள எல்லாரும் சுத்திக்கிட்டாங்க. என்ன போட்ட, என்ன போட்டன்னு. அவ அட்டையத் தொட்டுத் தொட்டுக் காட்டறா. எழுதி வெச்சுட்டு ஏமாத்தியிருக்கான்னு முட்டைக்கோஸம்மாவே சொல்லிட்டாங்க, அவங்க நல்லவங்கதான், பயத்துல சொன்னது. அன்னிக்கு மாடிக்குப் போனவதான். கம்பெனிக்குப் போகல. கதவத் தட்டுனா திறக்கல. நான் மூணு தடவ போய்த் தட்டுனேன். உள்ள நடமாடற சத்தம் கேக்குது, திறக்க மாட்டேங்கறா.

என்ன சார் அது? அவ குடுத்ததா? எப்ப? இன்னிக்குக் காலையிலயா? உங்களுக்கு மட்டும் கதவத் திறந்திருக்காளே.

படிங்க, எனக்குக் கண்ணாடி உள்ள இருக்கு. நீங்களே படிங்க.

இன்னொரு தடவ படிங்க சார்.

கடலை என் கையால கலந்துடுச்சு, என் தப்புதான்னா எழுதியிருக்கா? நீங்க எழுதி அவ கையெழுத்துப் போட்டாளா, அவளே எழுதுனாளா? காட்டுங்க. ஆமா, அவ எழுத்துதான். ஒவ்வொரு எழுத்தும் படம் மாதிரி. ஆங், அந்தக் கடலைங்கற வார்த்தைய நான்தான் அவளுக்கு எழுதக் கத்துக் குடுத்தேன்.

அவ வீட்டுல கடலையே கிடையாது தம்பி. தம்பின்னு கூப்பிட்டா கோவிச்சுக்காதீங்க, எனக்கு சார்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. மாஸ்டர் விஷயம் தெரிஞ்ச நாள்லருந்து ஒரு கடலை மணி கூட அவ வாங்கினதில்ல. கடையில ஒரு பாக்கெட் எடுத்தா கூடப் பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு எங்கிட்ட கொண்டாந்து காட்டுவா. தலையாட்டறவதான், எதுக்கும் தலையாட்டறவதான், ஆனா இது தலையாட்டுனது இல்ல. இது தெரிஞ்சே எழுதிக் குடுத்த தாளு.

மாஸ்டர தூக்கிட்டுப் போனப்புறம், எல்லாரும் வாசலுக்கு ஓடுனப்புறம், ஹால்ல நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம். அவ சட்டிக்குள்ள பாத்தா. அடியில கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சு. கரண்டியால வழிச்சு நாக்குல வெச்சா. அப்புறம் என்னப் பாத்தா. நான் அவ கையிலருந்து சட்டிய வாங்கிக் குழாயடியில வெச்சேன். அவ குடுத்துட்டா.

உள்ள என் ரூம்ல, அலமாரியில, மேல் தட்டுல ஒரு பாட்டில் இருக்கு. போய் எடுத்துக்கோங்க, பையில போட்டுக்கோங்க, நான் அதக் கழுவல. மிளகாய், பூண்டு, வறுத்த வேர்க்கடலை, மூணையும் இடிச்சு எண்ணெயில குழைச்சு வெச்சிருப்பேன். எனக்குச் சோறு இறங்கணும்னா அது வேணும். முப்பது வருஷமா நானே இடிக்கறது. உள்ள என்ன இருக்குன்னு யோசிக்கறதே இல்ல தம்பி, அது பாட்டுக்கு இருக்கும், கை பாட்டுக்கு எடுக்கும். அவ கிண்ணம் எடுக்க மாடிக்குப் போனாள்ல, அப்ப நான் கையத் தொடைச்சுட்டு உள்ள போய் அத எடுத்துட்டு வந்து நாலு கரண்டி போட்டுக் கலக்கி விட்டுட்டேன். மேல சிவப்பா மிதந்துச்சு. நூடுல்ஸ்காரரக் கூப்பிட்டு, வந்து ஒரு வாய் பாருங்கன்னதும் நான்தான்.

அட்டை அங்கதான் நின்னுது, என் முழங்கைகிட்ட. அட்டை இல்லாம சட்டி வரக் கூடாதுன்னு சொன்னவ நான். அன்னிக்கு எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல. பாவம்னு தோணுச்சு, போட்டேன். நாற்காலி விழுந்தப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

ஏன் அப்பவே சொல்லலன்னு கேளுங்க. கேளுங்க, கேக்கறது உங்க வேலை. சொல்லியிருந்தா சாவிய வாங்கிடுவாங்க. சாவி போனா ரூம் போச்சு. இந்த வயசுல நான் எங்க போய் நிப்பேன், யாரு இருக்காங்க எனக்கு. அதான். வேற பெரிய காரணம் எதுவும் இல்ல. அது அவளுக்கும் தெரியும், என் ரூம்ல வந்து உக்காந்துட்டுப் போறவதான. அதுக்குத்தான் இப்படிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கா, பைத்தியக்காரி. வண்டி வேணாம்னு முடிவு பண்ணிட்டா. எனக்காக. நான் அவளுக்கு என்ன பண்ணேன்? வெங்காயம் உரிக்க வெச்சேன்.

அந்தத் தாளக் கிழிச்சுடுங்க. கிழிக்கக் கூடாதா? சரி, ஃபைல்ல வெச்சுட்டு மேல என்னோடத வைங்க. புதுத் தாள்ல எழுதுங்க, நான் சொல்லச் சொல்ல. நாளைக்குக் கூட்டத்துல நானே எழுந்து நின்னு சொல்லிடறேன், நோட்டீஸையும் நானே கிழிச்சுடறேன், ஒட்டுனவ நான்தான. மாஸ்டர்கிட்டயும் போகணும். அதுதான் தம்பி கஷ்டம். கூட்டமெல்லாம் ஒண்ணுமில்ல, அந்த மனுஷன் படுக்கைகிட்ட போய் நிக்கணுமே.

எழுதிட்டீங்களா? படிங்க கேப்போம். ம். ம். மாடிக்குச் சென்ற நேரத்தில், ஆமா. நாலு கரண்டி, ஆமா. கஞ்சியில் ருசி குறைவாக இருந்ததால்...

அங்க நிறுத்துங்க. அத அடிச்சுடுங்க. அப்படி எழுதாதீங்க, அது வண்டி போடப் போற பொண்ணு, அவ சமையல்ல குறைன்னு உங்க தாள்ல இருக்கக் கூடாது. சப்புன்னு இருந்துச்சுன்னு சொன்னேனா? சொன்னேன்தான். இத்தன வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை இங்க எத்தன சட்டி வந்து போச்சு, நான் எதையும் வாயில வெச்சதில்ல தம்பி. எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம் உள்ள போய் என் சோத்த நான் சாப்பிடுவேன். அவ கஞ்சியும் அப்படித்தான். அஞ்சு மணிலருந்து கிண்டுனா, ரெண்டு தடவ கரண்டியில எடுத்து எங்கிட்ட நீட்டுனா, அப்புறம் அப்புறம்னு கையக் காட்டிட்டேன். நான் அத ருசியே பாக்கல. வெள்ளையா இருந்துச்சு, அவ்வளவுதான்.